எம் சைஸ் கிரிப்பும் என் சின்னக் கையும்: ஏர் பிஸ்டலில் ஆறாவது மாதம்

சென்ற ஞாயிறு காலை ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) 60 ஷாட் அடித்து முடித்து, 600-க்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். 528. நான் இரண்டு முறை கூட்டினேன், அப்பாவையும் ஒரு முறை கூட்டச் சொன்னேன். அதே 528. நாற்பது நாளாக 495-க்கும் 505-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு இது பெரிய எண். அந்த இலக்கு அட்டைகளை இன்னும் மேசை மேலேயே அடுக்கி வைத்திருக்கிறேன். கூடுதலாகக் கிடைத்த புள்ளிகளை ஒரு அரமும் கொஞ்சம் எம்-சீலும் (குழைத்து வைத்தால் கல்லாக இறுகும் பசை) வாங்கிக் கொடுத்தன. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன், நடுவில் வேறு சிலவும் வரும்.

கிருஷ்ணகிரியில் நான் சுடும் இடம் அப்பாவின் மாங்காய் மண்டி. ஆகஸ்டு வந்தால் மண்டி காலி. 14 மீட்டர் நீளம், கடைசியில் கருங்கல் சுவர். சுடும் கோட்டிலிருந்து அட்டையின் முகப்புக்கு 10 மீட்டர், அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பிடிக்கும் பெட்டியை ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, உள்ளே தகடு சாய்வாக வைத்து அடித்து வாங்கினேன். அட்டை மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்பதால் இரண்டு எல்.இ.டி. பட்டி விளக்கு. சுடும்போது கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவேன், யாருக்காகவும் திறப்பதில்லை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காப்பி. ஈயம் விளையாட்டுப் பொருள் கிடையாது.

பிரிவு எது என்பதில் எனக்கு இரண்டு மாதம் குழப்பம் இருந்தது. புதிதாக வரும் பலரைப் போல எனக்கும் .22 மேல்தான், அதாவது தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டல் மேல்தான் ஆசை. பெண்களுக்கான 25 மீட்டர் போட்டியில் முதல் 30 ஷாட் நிதானமாக, ஐந்து ஐந்தாகச் சுடலாம். அடுத்த 30 ஷாட்டுக்கு 7 விநாடி காத்திருந்து 3 விநாடிக்குள் கையைத் தூக்கி ஒரு ஷாட். பார்க்கவே நெஞ்சு படபடக்கும். ஆனால் அதற்கு உரிமம், தோட்டா, 25 மீட்டர் ரேஞ்ச் எல்லாம் வேண்டும். ரேஞ்ச் எனக்கு பெங்களூரில்தான், 90 கிலோமீட்டர், சனிக்கிழமை மட்டும். ஏர் பிஸ்டலின் சங்கதியே வேறு. 4.5 மி.மீ. அளவும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. என் பெல்லட் 0.45 கிராம், வேகம் விநாடிக்கு 150 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 5 ஜூல்தான். வாரம் ஒரு நாள் 50 தோட்டா சுடுவதைவிட, வாரம் ஐந்து நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு 60 பெல்லட் சுடுவதே எனக்கு வளர்ச்சி தரும் என்று முடிவெடுத்தேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. 50 மீட்டர் பிஸ்டலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2016 ரியோவோடு அது ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. தொடக்கத்திலேயே அதில் பணம் போட வேண்டாம்.

வாங்கும் முன் கையில் பிடித்துப் பார்த்தவை மூன்று. ஒன்று பைக்கால் 46. சிலிண்டர் தொல்லையே இல்லை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் போதும். ஆனால் அது முன்பாரம், முப்பதாவது ஷாட்டில் என் முன்கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தோள் வலுவுள்ளவர்களுக்கு அது அருமையான முதல் பிஸ்டல் என்றே சொல்வேன். இரண்டாவது மொரினி. அதன் மின்னணு ட்ரிக்கரைத் தொட்ட விரல் அதை மறக்காது, விலையும் மறக்காது. மூன்றாவது, ஒருவர் பயன்படுத்திய ஸ்டெயர் எல்.பி. 10. ஒரு கிலோவை ஒட்டிய எடை, வலக்கை கிரிப் (மரக் கைப்பிடி), எம் சைஸ். அதைத்தான் வாங்கினேன்.

வாங்கிய இடத்தைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். காற்றுச் சிலிண்டரின் மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும், பத்து ஆண்டு ஆனால் அதன் காலம் முடிந்தது. எனக்கு வந்த சிலிண்டர் காலாவதியாகி ஒன்றே முக்கால் ஆண்டு ஆகியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க மேடம்” என்றார். போட்டியில் பார்க்கலாம், அது சுடுகிறவரின் பொறுப்பு என்றே விதியில் இருக்கிறது. விதி கிடக்கட்டும், 200 பார் அழுத்தம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுச் சிலிண்டர் வர மூன்று மாதம் ஆனது, செலவு முழுக்க என்னுடையது. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் படியுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

சரி, கிரிப்புக்கு வருகிறேன்.

என் பெல்லட்டுகள் எல்லாம் இடப்பக்கம், ஒன்பது மணிக்குக் கொஞ்சம் கீழே, எட்டு ஒன்பது வளையத்தில் கூடு கட்டின. கூடு சின்னதுதான், இடம்தான் தப்பு. யாராக இருந்தாலும் முதலில் ரியர் சைட்டைத் (குறி பார்க்கும் பின்பக்கப் பள்ளம்) திருகுவார்கள். நானும் வலப்பக்கம் ஆறு கிளிக் வைத்தேன். இரண்டு நாள் நடுவில் விழுந்தது, மூன்றாம் நாள் வலப்பக்கம் போய்விட்டது, களைத்ததும் மறுபடி இடப்பக்கம். சைட்டில் கோளாறு இருந்தால் தினமும் ஒரே மாதிரிதான் தப்பும். இப்படி இடம் மாறினால் கோளாறு கையில்.

பெங்களூர் ரேஞ்சில் ஒரு அக்கா சொல்லிக் கொடுத்த சோதனை இது. கண்ணை மூடி, கையைத் தூக்கி, இயல்பாக நிற்கவிட்டு, கண்ணைத் திறக்க வேண்டும். ஃப்ரண்ட் சைட் (குழல் முனையில் நிற்கும் குறி) ரியர் சைட்டின் பள்ளத்தில் நடுவில் இருக்க வேண்டும். எனக்குப் பத்துக்கு ஒன்பது முறை வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. காரணம் இதுதான்: எம் சைஸ் மரம் என் கைக்குப் பருமன். ட்ரிக்கரை எட்டுவதற்காகக் கை தானாகவே கிரிப்பின் வலப்பக்கம் சுற்றி வந்துவிடுகிறது. அதனால் குழல் வலப்பக்கம் பார்க்கிறது, நான் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி அதை நேராக்குகிறேன். இவ்வளவு செய்தும் ட்ரிக்கரில் படுவது விரல் நுனி மட்டும். நுனி நேர் பின்னால் இழுக்காது, இடப்பக்கம் தள்ளும். அந்த நாற்பது நாளும் இந்தத் தள்ளல்தான்.

ட்ரிக்கர் நாக்கைப் பின்னால் நகர்த்தலாம். கடைசி வரை நகர்த்தியும் அரை சென்டிமீட்டர் பற்றவில்லை. எஸ் சைஸ் கிரிப் மட்டும் தனியாகக் கேட்டால், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், சுங்கம் தனி. அந்தச் செலவுக்கு இரண்டு ஆண்டு பெல்லட் வாங்கிவிடலாம்.

ராயக்கோட்டை சாலையில் எங்கள் வீட்டுக் கதவு போட்ட ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன், கிரிப்பை மட்டும் கழற்றி. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொடுவாளுக்குப் பிடி போடற மாதிரிதான்ம்மா. பிடிச்சவங்க கை எங்க சிவக்குதோ அங்க செதுக்கணும். நான் பார்த்துச் செதுக்கினா என் கைக்குத்தான் வரும், நீயே செதுக்கு” என்று சொல்லி, அரைவட்ட அரம் ஒன்றைக் கையில் கொடுத்தார். எனக்குக் கிடைத்த சிறந்த ஆலோசனை அது.

கை சிவக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்மை. உள்ளங்கை முழுக்க மெல்லியதாகத் தடவி, கிரிப்பை ஒரு தடவை மட்டும் சுடுவதுபோலப் பிடித்து விட்டால், கருப்பு ஒட்டிய இடமெல்லாம் கை அழுத்தும் இடம். ஒட்டாத இடம் பள்ளம். எனக்குக் கிரிப்பின் பின்முதுகிலும், வலப்பக்க உள்ளங்கை மேட்டிலும் அழுத்தமான கருப்பு. நடுவிரலுக்கு மேலே, ட்ரிக்கர் விரலின் அடிப்பகுதியிலும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் புரிந்தது, என் சுட்டுவிரல் மரத்தில் உரசிக்கொண்டே போகிறது. ட்ரிக்கர் விரல் ட்ரிக்கரைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

ஒரு நாளைக்கு முப்பது இழுப்பு, அதற்கு மேல் அரம் போடவில்லை. இழுப்பு, துடை, கண்மை, பிடி, பார். மறுநாள் 20 ஷாட் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முப்பது. அவசரப்பட்டு எடுத்த மரம் திரும்பி வராது. பன்னிரண்டாம் நாள் கண் மூடும் சோதனையில் ஃப்ரண்ட் சைட் முதல்முறையாக நடுவில் நின்றது. அன்று சுடவே இல்லை, பத்து முறை கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எடுத்தபின் நிரப்ப வேண்டும். உள்ளங்கைக் குழியில் காற்று நிற்கிற இடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் பிடி மாறும். முதலில் தேக்குத் தூளைப் பசையில் குழைத்துப் பூசினேன், காய்ந்ததும் சுருங்கி விரிசல் விட்டது. அடுத்து எம்-சீல். குழைத்து வைத்து, மேலே மெல்லிய பாலிதீன் தாள் போட்டு, அதன்மேல் கையை வைத்து மெதுவாகப் பிடித்தேன், இறுக்கவில்லை. இறுக்கினால் இறுக்கிய கைக்கு அச்சு விழுந்துவிடும், போட்டியின் 75 நிமிடமும் அதே இறுக்கத்தில் பிடிக்க யாராலும் முடியாது. இரவு முழுக்க விட்டு, காலையில் 80 எண் உப்புத்தாள், அப்புறம் 120. வழவழப்பாக்கவில்லை, சொரசொரப்புதான் வியர்வையில் பிடி கொடுக்கும்.

இதில் ஒரு கண்டம் தப்பியது. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் முழுக்க 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். மாம்பழப் பெட்டிப் பலகையிலேயே அந்த அளவில் ஒன்று அடித்து வைத்திருந்தேன். எம்-சீல் பூசிய பிறகு வைத்தால் இறங்கவில்லை. அகலம் 52. கட்டைவிரல் திட்டின் வெளி ஓரத்தில் இரண்டு மில்லி அரைத்து எடுத்தபின்தான் உள்ளே போனது. வீட்டிலேயே பெட்டி இல்லையென்றால் இதைப் போட்டி அன்று காலையில்தான் தெரிந்துகொண்டிருப்பேன்.

ட்ரிக்கர் எடையும் அப்படித்தான். ட்ரிக்கர் விடுபடாமல் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். மண்டி மூலையில் கிடந்த, முத்திரை குத்திய அரைக்கிலோ எடைக்கல்லைக் கம்பி கட்டித் தொங்கவிட்டு, குழலை நேர் மேலே நிறுத்தித் தூக்கிப் பார்க்கிறேன். கம்பியின் எடையும் சேர்வதால் 510 கிராமில் தாங்கும்படி வைத்துக்கொண்டேன். நாக்கை நகர்த்தினால் எடையும் மாறும், ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கல்லைத் தொங்கவிடுங்கள். அப்பா, “மாங்காய்க்கு வாங்கின கல்லு இன்னும் வேலை செய்யுதே” என்று சந்தோஷப்பட்டார்.

பெல்லட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தட்டைத் தலை எதுவானாலும் போதும். அளவு 4.49 மி.மீ.-ஆ 4.50-ஆ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வளையத்தின் குறுக்களவு 11.5 மி.மீ., என் கை ஆடுவது அதைவிடப் பல மடங்கு. 560 தாண்டியபின் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கலாம். டப்பா வாங்கும்போது மட்டும் குலுக்கிப் பாருங்கள், உள்ளே தூள் இருந்தால் விளிம்பு நசுங்கியிருக்கும்.

இடக்கண்ணை மூடாமல் மறைக்க, இனிப்பு டப்பா மூடியில் 30 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறேன். ஷூவுக்குச் செலவே செய்யவில்லை, கணுக்கால் தெரியும் தட்டையான பழைய கான்வாஸ் ஷூதான்.

மே மாதம் மாங்காய் இறங்க ஆரம்பித்தால் மண்டி போய்விடும், அதற்குள் 540-ஐப் பார்த்துவிட வேண்டும். வராந்தாவையும் உள் அறையையும் சேர்த்தால் 10 மீட்டர் வருமா என்று அளந்தேன், 9.60 வந்தது. கதவுச் சட்டத்தைத் தாண்டி அட்டையைத் தள்ளி வைக்க ஒரு யோசனை இருக்கிறது, ஆசாரி அண்ணனிடம் கேட்க வேண்டும். மாநிலப் போட்டி முடிந்ததும் ரேஞ்சில் இருக்கும் .22-ஐ வாரம் ஒரு முறை பிடித்துப் பழகப் போகிறேன். அதன் ட்ரிக்கர் 1000 கிராம், என் விரலுக்கு அது புதுப் பாடம்.

அதற்கு முன் கைதாங்கி (கிரிப்பின் அடியில் உள்ளங்கை உட்காரும் தட்டு) பாக்கி. உள்ளங்கையின் அடி விளிம்பு தாங்கியில் உட்காராமல் ஒரு மயிரிழை தொங்குகிறது, கடைசிப் பத்து ஷாட்டில் பெல்லட் கீழே இறங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். தாங்கியை மேல்நோக்கி வளைக்க விதி இடம் தராது, அதனால் தட்டையாகவே ஒரு அடுக்கு எம்-சீல் இன்று காலை பூசியிருக்கிறேன். விரலால் தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது. உப்புத்தாள் நாளைக் காலைதான்.