இரண்டாம் கியரில் ஏறும் மூளை

குன்னூர்ப் பக்கம் தேயிலை எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தராசு 23 காட்டும். சாக்குக்கு 1, ஈரத்துக்கு 2 கழித்து 20 என்று நோட்டில் ஏறுவதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடும். பெயரையும் 23-ஐயும் கழிவையும் சில நொடி பிடித்துவைத்துக் கணக்குப் போடுகிறதே, அந்தத் திறன்தான் ஒர்க்கிங் மெமரி. மனச்சோர்வு உள்ளவர் இங்கேதான் தடுமாறுவார். வீட்டில் அதை "மறதி" என்பார்கள். பல நேரம் விஷயம் சரியாகப் பதியவே இல்லை. பதியாததை எங்கே மறப்பது?

மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் இதைச் சோதிக்க என்-பேக் என்றொரு வேலை தருவார்கள். ஓர் எழுத்து அரை நொடி தெரியும், இரண்டு நொடி கழித்து அடுத்தது. டூ-பேக் என்றால் இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே திரும்ப வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். க, ம, த, ம: நான்காவதில் அழுத்தலாம். க, த, ம, ம என்று வந்தால் கூடாது. ஆனால் கை போய்விடும்.

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் அளக்கிறது. அதுவும் வேலை தொடங்கி 5, 6 நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மனச்சோர்வு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மதிப்பெண் எடுத்த சில ஆய்வுகளில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் முன்மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்திருக்கிறது. கல்லட்டி ஏற்றத்தில் இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்துக்கு மேலே வருகின்றன, ஒன்று மட்டும் இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு சில ஆய்வுகளில் இதே பகுதி மந்தமாக இருந்திருக்கிறது. பளு த்ரீ-பேக் வரை ஏறி ஆள் பாதியில் கைவிட்டாலும் அப்படித்தான் தெரியும். அதனால் வண்ணப் படத்தை நம்புவதற்கு முன் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். அது இல்லாத படம் எனக்குப் பாதிப் படம்தான்.

இன்னொன்று, வேலை நேரத்தில் அடங்க வேண்டிய நடுக்கோட்டுப் பகுதிகள். தன்னைப் பற்றிய நினைப்பு ஓடும்போது விழித்திருப்பவை இவை. மனச்சோர்வில் இவை சரியாக அடங்குவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பழைய கவலையும் 23-ம் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன.

தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெடும். டிசம்பர் காலையில் ஊட்டியில் பொத்தான் சோதனை வைத்தால் முதலில் கையைச் சூடாக்கச் சொல்லுங்கள். விறைத்த விரலின் தாமதம் மூளையின் தாமதமாகப் பதிவாகும்.

மனச்சோர்வா இல்லையா என்று எந்த ஸ்கேனும் தனியாகச் சொல்லாது. ஒர்க்கிங் மெமரியைப் பார்க்கக் கிளினிக்கில் எண் வரிசைச் சோதனை போதும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நேராகவும் பிறகு தலைகீழாகவும் திருப்பிச் சொல்லக் கேட்பது: நொடிக்கு ஓர் எண், ஒரே சீராக. "நாலு-ஏழு, மூணு-ஒன்பது" என்று சேர்த்துச் சொன்னால் நீங்களே உதவி செய்ததாகிவிடும். அந்த ஆள் காசு எண்ணும் மொழியில் கேளுங்கள், படுக மொழியோ தமிழோ மலையாளமோ. எண்ணின் பெயர் நீண்டால் பிடித்துவைக்கும் எண்ணிக்கை குறையும் என்பதால் ஆங்கிலத்தில் சோதித்தவர்களின் சராசரி அட்டவணையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. நேராகச் சொல்வது சரியாக இருந்து தலைகீழாகச் சொல்வதில் மட்டும் சறுக்கினால், தூக்கம், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். தூக்கத்துக்கென்று இரவில் கொடுத்த அமிட்ரிப்டிலினே நினைவை மந்தமாக்கும்.