ஜீப்பின் இடது முன்சக்கரத்தில் ஸ்டட் மாற்றிய அனுபவம்

போடிமெட்டுக்கு ஏறும் வழியில் இடது முன்டயர் பஞ்சரானபோது, உதவிக்கு வந்த ஒருவர் வீல் ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி வழக்கமான திசையிலேயே பலமாக நெம்பியதில் இரண்டு ஸ்டட்கள் (சக்கரத்தின் நட்களைப் பூட்டும் மரைக் கம்பிகள்) முறிந்துவிட்டன. அவர்மேல் தவறில்லை. என்னிடம் இருப்பது 1960களில் மகிந்திரா தயாரித்த சி.ஜே.3பி ஜீப், அதன் இடப்பக்கச் சக்கரங்களில் ஸ்டட்டும் நட்டும் இடம்புரி மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும் மரை) கொண்டவை என்பதை நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வண்டி முன்னோக்கி ஓடும்போது நட்கள் தாமாகத் தளரக்கூடாது என்ற எண்ணத்தில் இதன் மூலமான அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வந்த அமைப்பு இது. ஸ்டட்டின் முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருப்பது தெரியும்.

சிறிய லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, முறிந்தவை இரண்டே என்றாலும் ஐந்தையும் மாற்றுவதென்று முடிவு செய்தேன்; அதே குழாயின் நெம்பலை மற்ற மூன்றும் தாங்கியிருக்கின்றன, அவற்றை இனி நம்ப எனக்கு மனமில்லை. அரை அங்குலத் தடிமனும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்ட இடம்புரி ஸ்டட்கள் கிடைக்கத் தாமதமானது. வலம்புரி ஸ்டட்களையே போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பின்சக்கரத்தில் இடம்புரியும் முன்சக்கரத்தில் வலம்புரியுமாக ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது, இரண்டில் எந்த ஒன்றைக் காட்டிலும் ஆபத்தானது என்பதால் காத்திருந்தேன்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே வேலையைத் தொடங்கினேன். சக்கரத்துக்கு விசை தரும் மூடித் தட்டான டிரைவ் பிளாஞ்சின் ஆறு போல்ட்களைக் கழற்றி அதை இழுத்தெடுத்ததும், சக்கரம் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் இரண்டு பெரிய நட்களும், அவற்றுக்கு நடுவே மடித்துவிட்ட பூட்டு வாஷரும் தெரிந்தன. மடிப்பை நிமிர்த்தி அவற்றைக் கழற்றியதும் பிரேக் டிரம்மும் ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) பேரிங்குகளோடு ஒன்றாக வெளியே வந்தன.

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய ஜீப்பில் ஸ்டட்டைப் பின்புறமிருந்து ஹப்பிலும் டிரம்மிலும் நுழைத்து, டிரம்மின் முகப்பில் அதன் தோள்பகுதியை அகல அடித்து நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலை வெட்டாமல் சுத்தியலால் அடித்து வெளியேற்றினால் ஹப்பின் துளை அகன்றுவிடும், டிரம்மும் கோணிப்போகும். பிறகு புது ஸ்டட் பிடித்து நிற்காது. எனவே பக்கத்து லேத்துப் பட்டறையில் ஸ்டட்டின் மேல் தொப்பிபோல் இறங்கும் உள்ளீடற்ற வெட்டுக்கருவி ஒன்றைச் செய்து வாங்கி, நசுங்கிய வளையத்தை மட்டும் சுற்றி அரைத்தெடுத்தேன். டிரம் எந்த நிலையில் ஹப்போடு சேர்ந்திருந்தது என்பதற்கு உளியால் ஒரு கோடு போட்ட பிறகே இரண்டையும் பிரித்தேன். அதே நிலையில் திரும்பப் பூட்டினால்தான் பிரேக் அழுத்தும்போது அதிர்வு வராது.

புது ஸ்டட்கள் துளையைக் கடித்துப் பிடிக்கும் பல்வரியைக் கழுத்தில் கொண்டவை. அவற்றை அழுத்திப் பொருத்தும் பிரஸ் இயந்திரம் இல்லாததால், தடித்த வாஷர்களை அடுக்கி, அவற்றுக்கிடையே கிரீஸ் தடவி, பழைய நட் ஒன்றை இடப்புறமாகத் திருகி ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். இதற்குப் புது நட்டைப் பயன்படுத்தினால் அதன் மரை கெட்டுவிடும். ஸ்டட்டின் தலை ஹப்போடு முழுமையாகப் பதிந்ததா என்பதைப் பின்புறம் தாள் நுழைகிறதா என்று பார்த்து உறுதிசெய்தேன். ஒன்று மட்டும் நுழைய விட்டது. அதை இன்னும் சிறிது இழுக்க வேண்டியிருந்தது.

பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்து, ஆயில் சீலையும் மாற்றினேன். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுகும் வரை முறுக்கி, பிறகு ஏறக்குறைய ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, புது வாஷரும் வெளி நட்டும் போட்டு மடித்துவிட்டேன். வீல் நட்களை எண்ணெய் இல்லாத மரையில், எதிரெதிராக, மூன்று தவணையில் 70 அடி-பவுண்டு வரை முறுக்கினேன்.

இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும், கழற்ற வேண்டிய திசையை மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறியாக வரைந்திருக்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்த்தபோது ஒரு நட் மட்டும் சற்றே நகர்ந்தது, மற்ற நான்கும் அசையவில்லை.