பெயிண்ட் அடிக்கலையா சார்?

நாலு மாசமா கடலூர் மஞ்சக்குப்பத்துல என்னைப் பாக்குறவங்க எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க. டீக்கடை வாசல்ல என் பழைய சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள போறதுக்குள்ள ஒருத்தர் வந்து ஃபிரேம தடவிப் பாத்துட்டு, "நல்லா உப்புத்தாள் போட்டு தேச்சு கருப்பு அடிச்சீங்கன்னா ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும் சார், நமக்கு தெரிஞ்ச பையன் இருக்கான், சொல்லவா"ன்னாரு. வேணாம்ணேன்னு சொன்னா என்னை ஒரு மாதிரி பாக்குறாரு, காசு இல்லாதவன்னு நெனச்சுட்டாரு போல. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிடலாம்னு.

வண்டி ராலே. பெருசுங்க "ராலி"ன்னு சொல்லுவாங்க. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் ஊர்ல செஞ்சது, அங்க ராலே ஸ்ட்ரீட்னு ஒரு தெருவுல ஆரம்பிச்ச கம்பெனி, அதான் பேரு. எனக்கு பழைய சைக்கிள் மேல கிறுக்கு ரொம்ப நாளா உண்டு. பாண்டி சண்டே மார்க்கெட்டுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை போயிருப்பேன்னு கணக்கே இல்ல (கடலூர்க்காரன் பாண்டிக்கு போறேன்னு சொன்னாலே வீட்ல எதுக்குன்னு சந்தேகமா பாப்பாங்க, அது வேற கதை). அங்க கெடைக்கிறது முக்காவாசி "ஆன்டிக்" சைக்கிள், அதாவது எங்கயோ காயலாங்கடையில எடுத்து பளபளன்னு பெயிண்ட் அடிச்சு தங்கக் கோடு இழுத்து ஹோட்டல் வாசல்ல பூந்தொட்டி வெக்கிறதுக்குன்னு ரெடி பண்ணது. ஃபிரேம் ஒரு கம்பெனி, முன்வீல பிடிக்கிற ஃபோர்க்கு ஒரு கம்பெனி, பேட்ஜ் ஒரு கம்பெனி. மேல பெயிண்ட் இருக்கிறதால எது எதோடதுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. ஒட்டு போட்டது, விரிசல் விட்டது எல்லாம் அந்த கருப்புக்கு அடியில போயிடும். பெயிண்ட் அடிக்காத வண்டின்னா பொய் சொல்லாது, துரு எங்க இருக்குன்னு அதுவே காட்டிக்கும்.

இந்த வண்டி கெடைச்சது பாண்டியச் சேந்த பாகூர்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி, முள்ளோடை தாண்டி கன்னியக்கோயில் பக்கமா திரும்பி போனேன். வீட்டுக்காரருக்கு எழுபது வயசு இருக்கும், மாட்டுக்கொட்டாய் ஓரத்துல சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தாரு. அவங்க அப்பா நெல் தரகர். "வெள்ளைக்காரன் காலத்து வண்டி தம்பி, சுதந்திரத்துக்கு முன்னாடி வாங்குனது, பன்னெண்டாயிரத்துக்கு குறைச்சு தர மாட்டேன்"னாரு. நான் ஒண்ணும் பேசல, பின்வீல் நடுவுல இருக்கிற ஹப்ப துணியால தொடச்சேன். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பு, மூணு கியர், ஏடபிள்யூன்னு மாடல் எழுத்து, பக்கத்துல 52. இந்த கம்பெனி ஹப்புல செஞ்ச வருஷத்த குத்தி வெச்சிருப்பாங்க, அந்த வசதி பழைய சைக்கிள் வாங்குறவனுக்கு பெரிய வரம். அதாவது 1952. அய்யா இது சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த வண்டின்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டு, "உங்க ஊருக்கு அப்புறம், எங்க ஊருக்கு முன்னாடி தான்"னாரு. உண்மைதானே, பாகூரெல்லாம் அப்ப பிரெஞ்சுக்காரன் கையில, 1954 நவம்பர் 1 வரைக்கும். அந்த ஒரு பதிலுக்காகவே நான் பேரத்த ஆறாயிரத்துல நிறுத்தாம ஏழாயிரத்துக்கு ஒத்துக்கிட்டேன்.

ஹப்பு வருஷத்த மட்டும் நம்பி வாங்கக்கூடாது, வீல மாத்திப் போட்டிருப்பாங்க. அதனால பெடல் மாட்டுற கிராங்க் பக்கம் உக்காந்து பாத்தேன். ராலேவோட சின்னம் கொக்கு, பல்சக்கரத்துல மூணு கொக்குத் தலை இருக்கணும், இருந்துச்சு. முன்னாடி பித்தளை பேட்ஜ்லயும் கொக்கு. முன்வீல் 32 கம்பி, பின்வீல் 40 கம்பி, சரி. ஃபிரேம்ல வெல்டிங் தழும்பு இல்ல. சேன் கவர்ல வெள்ளை பெயிண்ட்ல அவங்க அப்பாவோட இனிஷியல், கையால எழுதுனது, கொஞ்சம் கோணலா. கேரியர் ஓரத்துல கயிறு தேய்ஞ்சு தேய்ஞ்சு பள்ளமே விழுந்திருக்கு, நெல்லு சாம்பிள் மூட்டை வெச்சு கட்டுன கயிறு. பின் மக்காட்டுல ஒரு நசுக்கல். அது என்னன்னு கேட்டேன். 2011 டிசம்பர் 30, தானே புயல், முருங்கை மரம் விழுந்ததாம். கீழ பெடல் மட்டத்துக்கு ஒரு சேத்துக் கோடு. அது 2024 ஃபெஞ்சல் புயலப்ப சாத்தனூர் அணைய திறந்து தென்பெண்ணை பொங்கி பாகூர் பக்கம் தண்ணி நின்னுச்சே, அது. இப்ப சொல்லுங்க, இதையெல்லாம் உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு கருப்பு அடிக்கவா?

நல்ல வண்டிய ஏன் இப்படி போட்டு வெச்சீங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது தான் விஷயமே. "கனக்கும் தம்பி. எங்க அப்பா ஒருத்தர் தான் மிதிப்பாரு. நாங்க யாராவது எடுத்தா ஏரிக்கரை ஏர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடும்." நான் ஹேண்டில்பார பாத்தேன், வலது பக்கம் கியர் போடுற சின்ன நெம்புகோல் துரு ஏறி ஒட்டிக்கெடக்கு, அதுலேர்ந்து ஹப்புக்கு போற கம்பி இல்ல. அவரு பள்ளிக்கூடம் படிக்கும்போதே அறுந்து போச்சாம், கடையில குடுத்தப்ப மிச்சத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு இது தேவையில்லாத சாமான்னு சொல்லிட்டாங்களாம். இந்த ஹப்போட குணம் என்னன்னா கம்பிய இழுத்துப் பிடிக்க ஆளில்லைன்னா அதுவா மூணாவது கியருக்கு போயி உக்காந்துக்கும். பின்னாடி பல்சக்கரம் ஒரு சுத்து சுத்துனா வீலு ஒண்ணாவது கியர்ல முக்கால் சுத்து, ரெண்டுல ஒரு சுத்து, மூணுல ஒண்ணேகால் சுத்துக்கும் கொஞ்சம் மேல, கரெக்டா சொன்னா ஒண்ணு மூணுல ஒரு பங்கு. சுத்து கூடக் கூட மிதிக்க கனக்கும். அந்தக் குடும்பமே அம்பது வருஷத்துக்கு மேல டாப் கியர்லயே வண்டி ஓட்டியிருக்கு. எதிர்காத்துல, மூட்டையோட! நான் அவர்கிட்ட அப்ப சொல்லல, சொன்னா வெல ஏறிடும்னு ஒரு பயம். கொஞ்சம் அல்பத்தனம் தான்.

வீட்டுக்கு கொண்டு வந்து முதல்ல ஒரு வாரம் ஒண்ணுமே பண்ணல, போட்டோ மட்டும் எடுத்தேன், எந்த நட்டு எங்கன்னு. அப்புறம் ஈரத்துணி, கொஞ்சமா சோப்புத்தண்ணி, அவ்ளோ தான். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க, ஃபிரேம்ல இருக்கிற எழுத்தும் மெல்லிசு தங்கக் கோடும் ஒரே இழுப்புல துணியோட வந்துடும். வாட்டர் சர்வீஸ்ல குடுக்கிறதும் கூடாது, அந்த வேகத்துக்கு தண்ணி பால்ரஸ்குள்ள போயிடும். ஹேண்டில்பார் குரோமியத்துல இருந்த துருவுக்கு பரோட்டா பார்சல் வந்த அலுமினியத் தாள தண்ணியில நனைச்சு தேச்சேன், சத்தியமா வேலை செய்யுது, கோடு விழாது. எமரி போட்டா குரோமியமும் சேந்து போயிடும். கழுவி காஞ்சப்புறம் கார் பாலிஷ் மெழுகு ஒரு கை. கருப்பு கருப்பாவே எழுந்து வந்துச்சு, எழுபது வருஷத்துக் கருப்பு, புது பெயிண்ட் மாதிரி பளபளன்னு இல்லாம நல்லெண்ணெய் தடவின தோசைக்கல்லு மாதிரி.

கிராங்க்ல தான் அடி வாங்குனேன். உள்ள சேறு போயிருக்கு, பிரிச்சே ஆகணும். ஒரு கடையில குடுத்தேன், கிராங்க அச்சோட பிடிச்சு வெக்கிற காட்டர் பின்னை கழட்ட சுத்தியலால டங்கு டங்குன்னு அடிச்சு பின்னோட மரைய நசுக்கிட்டாரு, தப்பு என்மேலயும் தான், பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தேன். முன்னாடியே ரெண்டு மூணு நாள் எண்ணெய் விட்டு ஊற வெச்சு, கிராங்குக்கு அடியில கனமான இரும்புக் குழாய முட்டுக் குடுத்து, அப்புறம் ஒரே அடி தான் அடிச்சிருக்கணும். முட்டு இல்லாம அடிச்சா அத்தனை அதிர்ச்சியும் பால்ரஸ் ஓடுற கப்புல போயி குழி விழும். அடுத்து அந்தக் கடையில "கப்ப மாத்திடலாம் சார், புதுசு இருக்கு"ன்னு எடுத்து முறுக்கப் போனாரு பாருங்க, நான் பாஞ்சு கையப் பிடிச்சேன். ராலே கப்புல இஞ்சுக்கு 26 மரை, மத்த சைக்கிளுக்கெல்லாம் 24. ரெண்டும் ஒண்ணு மாதிரி தான் தெரியும், ரெண்டு சுத்து போகும், அதுக்கு மேல பலமா முறுக்குனா ஃபிரேமோட மரை செத்துடும், அப்புறம் அந்த ஃபிரேம் காயலாங்கடைக்கு தான். பழைய கப்பையே மண்ணெண்ணெயில கழுவி, புது பால்ரஸ் ஒரு பக்கத்துக்கு பதினொண்ணு, கிரீஸ் வெச்சு போட்டாச்சு.

தேயுற சாமான மாத்துறதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. இதுல நம்ம ஊருக்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம், 28க்கு ஒண்ணரை டயர் இங்க எந்த சைக்கிள் கடையிலயும் தொங்கும், கம்பி பிரேக்குக்கு கட்டையும் கெடைக்கும்.

சீட்டு புரூக்ஸ் கம்பெனி தோல். ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. எல்லாரும் ரெக்சின் கவர் போடுங்கன்னாங்க. ஓ.டி. (ஓல்டு டவுன்) போற வழியில செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட காட்டுனேன், அவரு புரட்டிப் பாத்துட்டு "மேல கை வெக்க மாட்டேன், அடியில ஒரு தோல் குடுத்து தைக்கிறேன்"னாரு. நான் சொல்லாமயே. நாப்பது பேரு பெயிண்ட் அடி பெயிண்ட் அடின்னு சொன்ன இந்த ஊர்ல என் மனசு புரிஞ்ச ஒரே ஆளு அவருதான். நூத்தம்பது ரூபா வாங்குனாரு. தோல் சீட்டுல தேங்கா எண்ணெய் மட்டும் தடவிடாதீங்க, தோல் ஊறி தொட்டில் மாதிரி தொங்கிடும். மெழுகு தான். சீட்டு மூக்குக்கு அடியில தோல இறுக்குறதுக்கு இருக்கிற நட்ட கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில முறுக்கவும் கூடாது.

இப்ப அம்மா கதை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் ஆபீஸ்ல இருக்கேன், அம்மா பாசமா வண்டிய தொடச்சு வெச்சிருக்காங்க, அதோட நிக்காம முன்னாடி பித்தளை பேட்ஜ்ல புளி போட்டு குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேச்சுட்டாங்க. அந்த பேட்ஜ்ல பாகூர் வீட்டுல வருஷா வருஷம் வெச்ச சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்கா காஞ்சு போயி இருந்துச்சு, எழுத்துக்கு நடுவுல பழைய பெயிண்ட்டும் கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. வந்து பாக்குறேன், பாதி பேட்ஜ் தங்கம் மாதிரி மின்னுது, பாதி அப்படியே இருக்கு. பாதியில ஏன் விட்டீங்கன்னு கேட்டேன், "சீரியல் வந்துடுச்சுடா"ன்னாங்க. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. "எவ்ளோ அழுக்குடா, சாமிக்கு வெக்கிற வண்டிய இப்படியா வெப்பாங்க"ன்னு எனக்கே திட்டு. மிச்சத்த தேய்க்க விடல. மறுநாள் அந்த பளபளன்னு இருந்த பாதியில தான் சந்தனம் வெச்சேன், அப்படியே காய விட்டுட்டேன்.

கடலூர் காத்து உப்புக்காத்து, தேவனாம்பட்டினம் பீச்சுக்கு ஓட்டிட்டுப் போனா வந்தவுடனே ஒரு துணியால தொடச்சு விடுறேன். தார்ப்பாய் போட்டு மூட மாட்டேன், உள்ள வேர்த்துக்கும், துரு இன்னும் வேகமா ஏறும். அப்பாவோட பழைய வேட்டி தான் போர்வை.

கியர் கதைய சொல்லாம விட்டேனே. ஹப்பு நடுவுல ஒரு குட்டி மூடி இருக்கும், அத தூக்கி ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டேன், கிரீஸ் அடைக்கக்கூடாது. துரு பிடிச்ச கியர் நெம்புகோல ஊற வெச்சு விடுவிச்சு புதுக் கம்பி மாட்டுனேன். மொத நாளே பீச் ரோட்ல எழுந்து நின்னு மிதிக்கிறேன், பெடல் சட்டுனு காத்துல சுத்துது, பார்ல போயி விழுந்தேன், எங்க அடிபட்டுச்சுன்னு எழுத வேணாம். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல எந்த கியரும் பிடிக்காத ஒரு பொட்டல் இருக்கு, கம்பி அளவு தப்புனா அங்க போயி மாட்டிக்கும். ரெண்டாவது கியர்ல வெச்சுட்டு பின்வீலோட வலது பக்க நட்டு ஓட்டையில எட்டிப் பாருங்க, உள்ள இருக்கிற குட்டிக் கம்பியோட முனை அச்சோட முனைக்கு சமமா நிக்கணும். அவ்ளோ தான் சூட்சுமம்.

போன வாரம் பாகூர் பெரியவர் பேங்க் வேலையா கடலூர் வந்தவரு போன் பண்ணாரு, வண்டிய பாக்கணும்னு. டீ வாங்கிக் குடுத்துட்டு, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கய்யான்னு ரெண்டாவது கியர்ல போட்டுக் குடுத்தேன். வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஏறுனாரு, கெடிலம் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தாரு, மூச்சு கூட வாங்கல. இறங்கி மக்காடு நசுக்கல தடவிப் பாத்தாரு, சேன் கவர்ல இனிஷியல பாத்தாரு, கேரியர்ல கயிறு தேய்ஞ்ச எடத்துல விரல வெச்சுப் பாத்தாரு. எல்லாம் அவங்க வீட்ல இருந்தப்ப எப்படியோ அப்படியே தான் இருக்கு.

"இது எங்க அப்பா வண்டி இல்ல தம்பி"ன்னாரு. "அது கனக்கும்."