கடாயைத் தொட நாற்பது நாள்

2025 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் வேலூரில் ஒரு பாஸ்ட் புட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.காம். முடித்துவிட்டு எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தவன். கடை, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில். மாலை நான்கு முதல் இரவு பதினொன்று வரை வேலை.

முதலில் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். உணவைக் கையாள்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அது ஒரே நாளில் முடிந்தது.

நேராகக் கடாயைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். மாஸ்டர் ஆம்பூர்க்காரர். ஒரு கத்தியையும் அரை மூட்டை முட்டைகோஸையும் காட்டி, "நூல் மாதிரி வரணும் தம்பி" என்றார். கேரட் தீக்குச்சி கனம், பீன்ஸ் சாய்வாக. அந்த அடுப்பின் தீயில் ஒரு பிளேட் இரண்டு மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடும். காய் தடிமனாக இருந்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். முதல் வாரம் முழுக்க என் விரல்களில் பிளாஸ்திரி.

அடுத்தது சோறு. ஐந்து கிலோ பாஸ்மதியை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு வேகவைக்க வேண்டும். பருக்கையை நசுக்கினால் நடுவில் லேசாக ஒரு கடினம் தட்டுப்படும்போதே வடித்து, தட்டுகளில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறவிட வேண்டும். வடித்தது வரை சரியாகத்தான் செய்தேன். அப்புறம் ஒரு போன் வந்தது. குண்டானை மூடிவிட்டுப் போனவன், இருபது நிமிஷம் கழித்து வந்து திறந்தேன்.

"இன்னாடா இது, களி கிண்டி வெச்சிருக்க?"

கத்தவில்லை, சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "தம் போடறது பிரியாணிக்குடா, இதுக்கில்ல. மூடினா அதோட ஆவியிலயே வெந்து குழைஞ்சிடும்." இன்னொன்றும் சொன்னார்: சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் கெடும். மூக்குக்குத் தெரியாது, வயிற்றுக்குத்தான் தெரியும். அதை மறுபடி கடாயில் போட்டு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அன்று ராத்திரி எங்கள் நாலு பேருக்கும் தயிர்சாதம்தான்.

மூன்றாவது வாரம் ஆர்டர் எடுக்க நிறுத்தினார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் வைத்தியத்துக்காக மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். நான் கற்ற முதல் வங்காளி வார்த்தை 'ஜால் கொம்'. காரம் கம்மி. சிக்கனுக்கு மயோனைஸ் கேட்பார்கள். அந்த ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டு தடை போட்டிருந்தது. எங்களிடம் முட்டையில்லாத பாக்கெட்தான். இதை என் இந்தியில் விளக்குவதற்கு இன்னும் இரண்டு மூட்டை கோஸ் நறுக்கிவிடலாம்.

ஒரு நாள், ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, மிளகாய் இல்லாமல், சாஸ் இல்லாமல், வெறும் முட்டையும் சோறும் கேட்டார். மாஸ்டர் கடாயைக் கழுவித் தனியாகப் போட்டுக் கொடுத்தார். நான் பார்சலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சந்து முழுக்க ஓடி, ஒரு லாட்ஜ் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். அன்றிலிருந்து டப்பா மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதாமல் எதையும் கையைவிட்டு அனுப்புவதில்லை.

இதற்கிடையில் வீட்டில் அம்மாவின் பழைய இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டுத் தூக்கிப் போட்டுப் பழகினேன். பாதி உப்பு தரையில்தான். மணிக்கட்டு வீங்கி, இடது கையால் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை.

நாற்பதாவது நாளோ என்னவோ, மழை பெய்து கடை காலியாக இருந்தது. மாஸ்டர் தோளில் கிடந்த துணியை என் பக்கம் எறிந்தார். எண்ணெய், முட்டை, காய், சோறு, மிளகுத்தூள். நாலு பருக்கை அடுப்பில் விழுந்து பொசுங்கியது. அவரே ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே வாயில் போட்டார்.

"உப்பு போடலடா" என்றார். அப்புறம் உப்பு டப்பாவை எடுத்துத் தானே தூவிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.