கிரியேட்டினின் இறங்கிய கதைகள்

சிறுநீரகம் பற்றிய ஒரு நிமிட வீடியோக்களை நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். பேச்சு எப்படியும் ஒன்றுதான்: டயாலிசிஸ் வேண்டாம், இந்தப் பொடி போதும். என் கண் தேடுவது நடுவில் இரண்டு வினாடி வந்துபோகும் ரிப்போர்ட்டை. லேபில் பயோகெமிஸ்ட்ரி பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு எதைப் பார்க்கத் தோன்றும்?

சித்தி மகன் அப்படி ஒன்றை அனுப்பியிருந்தான். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 2.4-லிருந்து 1.5-க்கு வந்துவிட்டதாம், பத்தே நாளில். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன், பின் இரண்டும் வேறு வேறு லேப் ரிப்போர்ட். பொட்டாசியம் வரும் வரியின் மேல் அழகாக ஒரு கட்டைவிரல்.

எண் இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலே கிரியேட்டினின் ஏறும். நீர்ச்சத்து திரும்பினால் பெரும்பாலும் இறங்கிவிடும். முந்தைய வேளை நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் கூடும். ஜாஃபே முறையில் பார்க்கும் லேபும் என்சைம் முறையில் பார்க்கும் லேபும் ஒரே ரத்தத்துக்குச் சற்று மாறுபட்ட எண் தருவதுண்டு. படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்கும் எண் குறையும், சிறுநீரகம் துளியும் தேறாமலே. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்கவே கோளாறு 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பத்து நாளில் அது வந்ததா போனதா என்று எதை வைத்துச் சொல்வது?

நான் பார்த்தவற்றில் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம் பற்றிப் பேசியவை அபூர்வம். கிரியேட்டினின் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும். ஏசிஆர் (சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம்) 30-ஐத் தாண்டும் காலத்தில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 90-க்கு மேலேயே இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பலன் அதிகம் கிடைக்கிற பருவம் அது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். அல்புமின் கசிவைக் குறைக்கத் தரும் ரத்த அழுத்த மாத்திரைகள் சில, சர்க்கரை நோய்க்கும் தரும் டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள், இவை தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றும். வடிகட்டிகளுக்குள் அழுத்தம் குறைவதால் வருகிற ஏற்றம் அது. எவ்வளவு வரை ஏறலாம் என்று மருத்துவர் கணக்கு வைத்திருப்பார். "இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது" என்று வீடியோவில் படித்தவர் என்ன செய்வார்? சிறுநீரகத்தைக் காக்கிற மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடர்வார். ரிப்போர்ட் வாங்க வரும்போது இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா என்றால் சிரிப்பார்கள்.

ஒரு நிமிட வீடியோவில் சரியாகச் சொல்ல நேரம் குறைவு என்பது சாக்கு. ஒரு டயாலிசிஸ் நர்ஸ், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டவர்கள் தினமும் அதன் மேல் விரல் வைத்து அதிர்வைப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் உடனே யூனிட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று செய்து காட்டியதைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரலை எங்கே வைப்பது என்பதுவரை தெளிவாகத் தெரிந்தது.