போக 172 டன், போய்த் திரும்ப 639 டன்

விண்வெளியில் கலகக்காரர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு காதல் என்று கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். எரிபொருள் தொட்டியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். காதலும் கலகமும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

எரிபொருள் இல்லாமல் 100 டன் எடையுள்ள கப்பல் ஒன்று. பனியை உருக்கிப் பிரித்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அதில் எரிகின்றன. வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். கப்பலின் வேகத்தையும் அதே 4.4 கிலோமீட்டர் மாற்ற வேண்டுமானால், ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி 172 டன் எரிபொருள் தேவை. திரும்பி வரவும் அதே அளவு வேகமாற்றம் வேண்டும் என்றால், 344 டன் போதும் என்று மனக்கணக்கு சொல்லும். போதாது. திரும்பும்போது எரிக்க வேண்டியதையும் போகும்போதே சுமக்க வேண்டும், அதைச் சுமக்கவும் எரிக்க வேண்டும். மொத்தம் 639 டன்.

இப்போது கதைக்கு வாருங்கள். யாழினி, சீரிஸ் சிறுகோளில் பனி வெட்டும் குடியிருப்பின் கிடங்குக் கணக்கர். கவின், பூமிப் பக்கமிருந்து வரும் சரக்குக் கப்பலில் பொறியாளர். அவளிடம் போய்ச் சேர அவனிடம் எரிபொருள் உண்டு. அவளை அழைத்துக்கொண்டு திரும்ப இல்லை. சீரிஸில் உள்ள தொட்டியின் வால்வு திறந்தால் மட்டும் 172இல் வந்து, இன்னொரு 172இல் திரும்பலாம். அந்த வால்வு யார் கையில் என்பதுதான் கலகம். கலகப் படையின் தலைவனுக்கும் காதலனுக்கும் ஒரே தொட்டிதான் வேண்டும், ஆனால் வேறு வேறு காரணத்துக்கு. வில்லனே இல்லாமல்கூட இந்தக் கதை நகரும்.

சிங்கப்பூர் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் துறைமுகம் நம்முடையது. குடிநீர் அரசியலும் நமக்குத் தெரியும்: 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை எடுக்கலாம், 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீர் வந்தது. சொந்த நீர் போதாத தீவு எப்படி யோசிக்கும் என்பதை உங்கள் விண்வெளி நிலையத்துக்கு அப்படியே கொடுக்கலாம். அனைத்துலக விண்வெளி நிலையம் 2023இல் நீர் மீட்பை 98 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. மீதி 2 விழுக்காட்டை யார் விற்கிறார், என்ன விலைக்கு? கலகத்துக்கு அந்தக் கேள்வி போதும்.

கலகம் கொடியோடு தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 1973-74இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் 84 நாள் இருந்த மூவர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று பலர் எழுதிவிட்டார்கள். அவர்களோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார்கள். உண்மையில் நடந்தது, மூச்சுவிட முடியாத வேலை அட்டவணையும், அதைப் பற்றித் தரைக்கட்டுப்பாட்டோடு நடந்த ஒளிவுமறைவற்ற பேச்சும்தான். அதன்பின் அட்டவணை தளர்ந்தது. எனக்கு இது எந்த லேசர் சண்டையையும்விட நல்ல முதல் அத்தியாயமாகத் தோன்றுகிறது.

அதிகமாகத் தவறு நடப்பது உரையாடலில். சீரிஸுக்கும் பூமிக்கும் இடையே ஒளி போய்ச் சேரவே 13 முதல் 33 நிமிடம் ஆகும். கேட்ட கேள்விக்குப் பதில் வர, குறைந்தது 26 நிமிடம். காணொளியில் காதலர்கள் பேச்சுக்குப் பேச்சு சண்டை போடும் காட்சி அங்கேயே செத்துவிடும். ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: அனுப்பிய நேரம், கிடைத்த நேரம். கோபத்தோடு அனுப்பியவள் மன்னிப்புக் கேட்டு அடுத்ததை அனுப்பும்போது, முதலாவது இன்னும் வழியிலேயே இருக்கும். சூரியன் நடுவில் வரும்போது வானொலித் தொடர்பே கெடும். செவ்வாய்க் கலங்களுக்கு அந்தச் சமயத்தில் நாசா சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைக்கிறது. கலகத்துக்குத் தேதி குறிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. காத்திருப்பவளுக்கு அதைவிடக் கொடிய நாளும் இல்லை.

பயணத்துக்கும் நாள் பார்க்க வேண்டும். குறைந்த எரிபொருளில் பூமியிலிருந்து சீரிஸ் போக ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டு. புறப்பட வாய்ப்பான காலம் ஏறத்தாழ 15 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். “உடனே கிளம்பு” என்று யாரும் சொல்ல முடியாது.

ஒளிந்துகொள்வது இன்னொரு பொறி. ஆள் வாழும் கப்பலின் வெளிச்சுவர் அறை வெப்பத்தில் இருந்தால் சதுர மீட்டருக்கு 400 வாட்டுக்கு மேல் வெப்பம் வீசும், பின்னால் இருக்கும் வானமோ 3 கெல்வினுக்கும் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) கீழே. இருட்டறையில் அடுப்பு எரிவது மாதிரி. ஆகவே உங்கள் கலகக்காரர்கள் மறைய வேண்டாம், மற்றக் கப்பல்களோடு கலந்துவிடட்டும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நின்று நங்கூரமிட்ட கப்பல்களைப் பாருங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எதில் என்ன இருக்கிறது என்பது தாளில்தான் தெரியும். பொய் சரக்குப் பட்டியலில் இருக்கட்டும். அதை எழுதுபவள் யாழினி என்றால் இன்னும் நல்லது.

கவின் தன் கப்பலில் யாழினியைக் கூடுதலாக ஏற்றினால் நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவையும் வடிகட்ட வேண்டும். வடிகட்டி தாங்காவிட்டால் முதலில் தலைவலி, பிறகு குழப்பம். ஒளித்துவைத்த பயணியைக் காட்டிக்கொடுப்பது காற்றளவி காட்டும் எண்தான்.

விண்ணுடையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் பாய்ந்து ஓடும் காட்சியையும் விட்டுவிடுங்கள். நிலையத்துக்குள் கடல்மட்டக் காற்றழுத்தம், சுமார் 101 கிலோபாஸ்கல்; உடைக்குள் சுமார் 30, அதுவும் தூய ஆக்சிஜன். முன்கூட்டியே நெடுநேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் குமிழி கட்டும், மூட்டுகளில் வலி எடுக்கும். கலகக்காரர்கள் தங்கள் அறையை ஸ்கைலேப் போல 34 கிலோபாஸ்கலில், பெரும்பகுதி ஆக்சிஜனாக வைத்திருந்தால் காவலர்களுக்கு முன்னே வெளியேறிவிடலாம். பதிலுக்குத் தீ பயம் கூடும்.

அழுகை: எடையின்மையில் கண்ணீர் வழியாது, கண்மேல் உருண்டு ஒட்டிக்கொண்டு எரியும். உடல் திரவம் தலைக்கு ஏறி மூக்கடைப்பதால் சாப்பாட்டில் சுவையும் மங்கும். காரச் சம்பல் டப்பா அங்கே நாணயம் மாதிரி புழங்கும். பேச்சில் புதுச்சொல் ஆக்கி அடுக்க வேண்டாம், “அண்ணே, டேங்க்கைத் திறங்க” என்றால் போதும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வெற்றிடத்தில் ஒலி போகாது, வானொலியைத் திறந்தால் எதிரி கேட்பான். ஆனால் இரண்டு தலைக்கவசங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒலி திடப்பொருள் வழியே கடக்கும். மங்கலாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல். அதனால் அவர்கள் நெருங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் முகத்தைத் தொட முடியாது. அந்தக் காட்சியில் வசனத்தை ஐந்தாறு சொல்லோடு நிறுத்துங்கள். கவசம் விலகிய நொடியில் சொல் பாதியில் அறுந்துவிடும். உதடு மட்டும் அசையும்.