மூச்சைப் பிடிக்கச் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை

மூன்று மாதமாக விடாத இருமல். அம்மாவின் நெஞ்சுக்கு சீ.டி ஸ்கேன் எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதிக்கொடுத்தார். ஹட்டனில் விடியக்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவுகளில் ஆடிக் கண்டிக்குப் போய்ச் சேரும்போதே அம்மா களைத்துவிட்டார்.

தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் எடுப்பவர் வெளியே வந்து, படம் சரியில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். மெஷினுக்குள் பதிவுசெய்த ஆங்கிலக் குரல்தான் மூச்சை இழுக்கவும் பிடிக்கவும் சொல்கிறது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். "யாரோ கூப்பிட்டாங்க, என்னாங்கன்னு கேட்டேன்" என்றார். கேட்டதோடு தலையும் திரும்பியிருக்கிறது, மூச்சும் வெளியே போயிருக்கிறது.

எக்ஸ்ரே போல ஒரே நொடியில் முடிகிற வேலை இல்லை இது. எக்ஸ்ரே கதிரை அனுப்பும் குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான கோணங்களில் அளவெடுக்கிறது. உடம்பு அசையவில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணினி அவற்றைச் சேர்த்துப் படமாக்குகிறது. நடுவில் மூச்சு விட்டால் கணக்கு பிசகிவிடும். ஒரே ரத்தக்குழாய் இரண்டாகத் தெரியும், விளிம்புகள் கலங்கும், கோடுகள் விழும். நுரையீரலின் அடிப்பக்கம்தான் மூச்சோடு அதிகமாக ஏறி இறங்குகிறது, அங்கேதான் பாதிப்பும் அதிகம். 1970களின் முதல் மெஷின்களில் ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கே சில நிமிடங்கள் பிடித்ததால் தலையை மட்டும்தான் எடுத்தார்கள். இன்று நெஞ்சு முழுவதும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளை விளக்க அங்கே ஒரு தமிழ்க்குரல் இல்லாததால் அம்மா மறுபடியும் கதிர் வாங்க வேண்டி வந்தது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நடைபாதையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இருமல் அடங்கும்வரை இருந்தோம். "அம்மா, தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது தம் கட்டுவீங்களே, அதே மாதிரிதான்." உடனே பிடித்துக்கொண்டார். ஐந்தாறு தடவை பழகினோம். பத்து எண்ணும்வரை தாங்கினார்.

அப்புறம் ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டேன், நானே மைக்கில் சொல்லட்டுமா என்று. அவர் மறுக்கவில்லை. "இழுங்க... தம் கட்டுங்க" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா அசையவே இல்லை.

தமிழ் மட்டும் தெரிந்தவரைக் கூட்டிப் போகிறவர்கள், படுக்கவைக்கும் முன்பே அதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மூச்சைப் பிடிக்க வீட்டிலேயே பழக்கிவிட்டுப் போங்கள்.

வலது நுரையீரலின் அடியில் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கியிருப்பது இரண்டாவது படத்தில் தெளிவாகத் தெரிந்ததாக டொக்டர் சொன்னார். மருந்து தொடங்கியாயிற்று.